ரன்னிங் கார்டாக நான் கத்திய நாற்பது நிமிடங்கள்

கூடைப்பந்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். அதில் இரண்டு பேருக்கு கார்டு என்று பெயர். இப்போது ஆடுகிறவர்கள் அந்த இருவருக்கும் புதுப்புதுப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். எனக்கு வாயில் நுழையவில்லை. அறுபதுகளில், நான் ஆடிய காலத்தில், அதாவது நான் ஆடியதாகக் கம்பெனி ரெக்கார்டில் பதிவாகியிருக்கும் காலத்தில், எங்களுக்குத் தெரிந்தது இரண்டே வகைதான். ஒருவன் ஸ்டாண்டிங் கார்டு. இன்னொருவன் ரன்னிங் கார்டு. அதுவே பழைய பாணி என்று விவரம் தெரிந்தவர்கள் அப்போதே சிரிப்பார்கள். மாட்டுங்காவில் எங்கள் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் எந்தக் காலத்து விதிப்புத்தகத்தைப் படித்தாரோ, அதில் அப்படித்தான் போட்டிருந்தது.

ஸ்டாண்டிங் கார்டு தன் பக்கத்துக் கூடைக்குக் கீழே நிற்பான். எதிராளி பந்தோடு வந்தால் இரண்டு கையையும் தூக்குவான். பந்து தன்னிடம் வந்துவிட்டால் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைப்போல அதைப் பக்கத்தில் இருப்பவனிடம் தள்ளிவிடுவான். மற்ற நான்கு பேரும் அந்தக் கோடியில் முட்டி மோதிக்கொண்டிருக்கும்போது இவன் இந்தக் கோடியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகிற வழியில் கொத்தமல்லி வாங்க வேண்டுமா என்று யோசிக்கலாம்.

ரன்னிங் கார்டின் கதை வேறு. பின்னாலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு எதிராளியின் பக்கம் கொண்டுபோகிறவன் அவன். ஓட்டம் அதில் கால் பங்குதான். பந்தைப் பார்க்காமல் பந்தைத் தட்ட வேண்டும், மற்ற நான்கு பேர் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், எதிராளிகள் ஐந்து பேர் எங்கே நிற்கப் போகிறார்கள் என்று ஊகிக்க வேண்டும், யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்து அதை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். ஒரே சமயத்தில் இவ்வளவு வேலை செய்கிற மனிதனை நான் எங்கள் கம்பெனியில் பார்த்ததே இல்லை. கம்பெனியில் எல்லாருமே ஸ்டாண்டிங் கார்டுகள். ஹெட் கிளார்க்கிடம் ஒரு ஃபைல் போனால் அது அங்கேயே நிற்கும், அவரும் நிற்பார்.

பதினான்கு வயதில் நான் ஆறடியைத் தொட்டுவிட்டேன். டிரில் மாஸ்டர் என்னை அண்ணாந்து பார்த்துவிட்டு டீமில் சேர் என்றார். "எனக்கு ஓட வராது ஸார்" என்றேன். "உன்னை யார்டா ஓடச் சொன்னா? நில்லு" என்றார். என் இயல்புக்கு அவ்வளவு பொருத்தமான உத்தியோகத்தை அதற்குப் பிறகு யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

பி.காம் முடித்துவிட்டு இரண்டு வருஷம் மனுப் போட்டுக்கொண்டே இருந்தேன். எங்கள் கட்டடத்தின் முதல் மாடியில் இருந்த மாமா ஒருவர், "கேம்ஸ் ஏதாவது ஆடுவியோ? ஆடினா அதை மேலே எழுது, படிப்பைக் கீழே எழுது" என்று யோசனை சொன்னார். அந்தக் காலத்துப் பம்பாயில் அது ஒரு தனிக் குறுக்குவழி. ஆலைகளும் ஆபீஸ்களும் பந்து ஆடுகிறவனைத் தேடித் தேடி எடுத்துக்கொள்ளும். நான் மனுவில் கூடைப்பந்து, கார்டு என்று எழுதினேன். எந்த கார்டு என்று எழுதவில்லை. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

செம்பூரில் ஒரு ரசாயனக் கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. ஆறு மாதம் டெம்பரரி. ஆறு மாதம் முடிந்ததும் ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரி மானேஜருக்கு ஒரு நோட் எழுதுவார். இவன் டீமுக்கு உபயோகப்படுவான் என்று எழுதினால் பெர்மனென்ட். எழுதாவிட்டால் பெரிய முதலாளியின் கையெழுத்தோடு, உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள் என்று ஒரு வரியில் கடிதம் வரும். எதிர்காலம் வேறு எங்காவது சிறக்கட்டும் என்பது அதற்கு அர்த்தம். என் அம்மா ஒவ்வொரு முதல் தேதியும், "ஆயிடுத்தா?" என்று ஒரே ஒரு சொல்தான் கேட்பாள். "ஆகலை" என்பேன். அன்றைக்கு ரசம் கொஞ்சம் தண்ணியாக இருக்கும்.

செக்ரட்டரி ஒரு மராட்டிக்காரர். இளமையில் நன்றாக ஆடியவராம். கனத்த மீசை, கையில் எப்போதும் சின்ன நோட்டுப்புத்தகம். முதல் நாளே என்னைப் பார்த்து, "ரன்னிங் யா ஸ்டாண்டிங்?" என்று கேட்டார். "ஸ்டாண்டிங், ஸார்" என்றேன். "அச்சா" என்று நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அவர் நோட்டில் எழுதும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். என் பயத்துக்கு ஒரு வரிசைக்கிரமம் உண்டு. முதலில் வயிறு, பிறகு வலது முழங்கால், கடைசியில் நாக்கு. வயிறு கலங்கும், முழங்கால் தானாக ஆடும், நாக்கு ஓயாமல் பேசும். மூன்றாவது கட்டத்தை அதுவரை என் வீட்டார் மட்டுமே பார்த்திருந்தார்கள்.

எங்கள் டீமில் ஐந்து பேரில் நான்கு பேர் தமிழர்கள். எல்லாரும் மாட்டுங்காவிலிருந்து ரயிலேறி வருகிறவர்கள். ஐந்தாவது ஆள் பேக்கிங் டிபார்ட்மென்டில் வேலை பார்த்த மராட்டிக்காரர், கூடைக்கு எதிரே நடுவில் நிற்கிறவர். அவருக்கு வா, போ, குடு என்று மூன்று தமிழ்ச் சொற்கள் கற்றுக்கொடுத்திருந்தோம். கூடைப்பந்து ஆட அதற்கு மேல் தமிழ் தேவையில்லை.

ரன்னிங் கார்டாக இருந்தவன் அக்கௌன்ட்ஸ் பிரிவில் என் பக்கத்து மேஜைக்காரன். கெட்டிக்காரன். அவன் கண்டுபிடித்த உத்திதான் எங்கள் டீமின் மொத்த பலமும். மைதானத்தில் எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லுவது. 'இடது', 'வலது', 'நடுவுல', 'பின்னாடி வா'. அவ்வளவுதான். இங்கிலீஷில் சொன்னால் பார்சிக்காரர்களுக்குப் புரிந்துவிடும், ஹிந்தியில் சொன்னால் பம்பாய்க்கே புரிந்துவிடும். தமிழில் சொன்னால் யாருக்குப் புரியும்? மற்ற டீம்கள் எல்லாம் விரலைக் காட்டி, மூக்கைத் தொட்டு, காதைச் சொறிந்து ரகசியமாகச் சைகை செய்யும்போது நாங்கள் ஊரறியக் கத்துவோம். அந்த வருஷம் மாட்டுங்காவில் நடந்த ஓபன் டோர்னமென்டில் அப்படியே இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். உல்லாஸ்நகரிலிருந்து வந்த சிந்திக்காரர்கள் கடைசிவரை நாங்கள் ஏதோ மந்திரம் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். தமிழ் என்பது எங்கள் நான்கு பேருக்காக மட்டும் யாரோ பூட்டி வைத்த பீரோ என்ற எண்ணத்தில் நாங்களும் சாவியை ஆட்டிக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் ரன்னிங் கார்டுக்கு அம்மை போட்டுவிட்டது.

செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டார். நான் நெட்டை, பந்து என் கையைவிட்டுப் போகாது, தமிழும் தெரியும் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டிவிட்டு, "தும் ரன்னிங் கரேகா" என்றார். அது கேள்வி இல்லை. என் இடத்தில் நிற்க டெஸ்பாட்ச் பிரிவிலிருந்து ஒரு குஜராத்திக்காரரைப் பிடித்து வைத்திருந்தார். "ஸார், நான் ஸ்டாண்டிங்..." என்று ஆரம்பித்தேன். அவர் நோட்டைத் திறந்தார். நான் வாயை மூடினேன். என் ஆறு மாதம் முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது. நோட் எழுதப் போகிறவர் இவர். அதற்குள் இருக்கிற ஒரே ஆட்டம் இதுதான்.

அன்று சாயங்காலமே ரன்னிங் கார்டின் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் வேப்பிலை செருகியிருந்ததால் உள்ளே விடவில்லை. அவன் இரண்டாவது மாடி பால்கனியில் வந்து நின்றான். முகமெல்லாம் முத்து. நான் கீழே ரோட்டில் நின்றேன்.

"என்னடா பண்றது?" என்று கத்தினேன்.

"பந்தைத் தட்டிண்டே போ. கீழ பாக்காதே. வாயைத் திறந்து சொல்லு!"

"என்னத்தைச் சொல்றது?"

"வலதுன்னா வலது, இடதுன்னா இடது. இதுல என்னடா யோசனை? ஒருத்தனுக்கும் புரியாது. தைரியமாச் சொல்லு!"

"எதிராளி யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தாராவிப் பசங்களாம். தோல் பட்டறை, சோப்புக் கடைன்னு ஏதோ கும்பல். ஹிந்திதான் பேசறான்களாம். நீ கவலைப்படாதே!"

எங்கள் டீமின் ராணுவ ரகசியம் முழுவதையும் தெருவில் நின்று உரக்க அலசினோம். அந்தத் தெருவில் தமிழ் புரியாதவர் என்று பார்த்தால் எருமைப்பால் கொண்டுவருகிற வடக்கத்திக்காரர், பையா, ஒருவர்தான். அவரும் நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாட்டுங்காவிலிருந்து லேபர் கேம்ப்புக்கு நடந்தே போய்விடலாம். அதைத் தாண்டினால் தாராவி. அங்கே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் எங்கள் தாத்தாக்கள் பம்பாய்க்கு ரயிலேறிய காலத்திலேயே குடும்பம் குடும்பமாகக் குடியேறியிருந்தார்கள். தோல் பதனிடுகிறவர்கள், பட்டறை வைத்திருக்கிறவர்கள், மளிகைக்கடை அண்ணாச்சிகள், தமிழ் முஸ்லிம் வியாபாரிகள். மாட்டுங்காவைவிட அங்கே பத்து மடங்கு தமிழ் புழங்கியது. இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தமிழ் பேசுகிறவன் கூடைப்பந்தும் ஆடுவான், ஆடினாலும் எங்களை எதிர்த்து ஆடுவான் என்பது எங்கள் நான்கு பட்டதாரி மூளைகளுக்கும் எட்டவில்லை. எங்களைப் பொறுத்தவரை தமிழர் என்றால் டிபன் பாக்ஸோடு எட்டு இருபது லோக்கலைப் பிடிக்கிறவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு ஆட்டம். தாராவிப் பையன்கள் வீட்டிலேயே நீலச் சாயம் முக்கிய பனியன்களில் வந்தார்கள். ஐந்து பனியனும் ஐந்து நீலம். தங்களுக்குள் பம்பாய் ஹிந்தியில், "அரே இதர் ஆ", "கியா ரே" என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர்களுடைய ரன்னிங் கார்டு குட்டையாக, ஒல்லியாக, என் வயதுக்காரனாக இருந்தான். விரல் நுனிகளில் தோலுக்குப் போடும் கறுப்புச் சாயம் ஏறியிருந்தது. கை குலுக்கும்போது என் மார்பு உயரம்தான் வந்தான். இவனிடமிருந்து பந்தைக் காப்பாற்றுவது என்ன பிரமாதம் என்று நினைத்துக்கொண்டேன். நான் அன்றைக்கு நினைத்தவற்றில் இதுதான் மிகவும் நகைச்சுவையானது.

விசில் ஊதியது. பந்து என்னிடம் வந்தது. வயிறு கலங்கியது. முழங்கால் ஆடியது, ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. நடுக்கோட்டைத் தாண்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பக்கம் போகிறேன். அங்கே காற்றுகூட வேறு மாதிரி இருந்தது. "வலது!" என்று கத்தினேன். வலது பக்கம் எறிந்தேன். வலது பக்கத்தில் எங்கள் ஆளுக்கு முன்னால் அந்தக் குட்டைப் பையன் நின்றுகொண்டிருந்தான். பந்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான். இரண்டு பாயின்ட்.

தற்செயல் என்று நினைத்தேன்.

"இடது!" என்றேன். இடது பக்கத்தில் அவன். "நடுவுல குடு!" என்றேன். நடுவில் அவனுடைய கூட்டாளிகள் இருவர், எங்கள் பேக்கிங் மராட்டியரை இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு. "பின்னாடி வா!" என்றேன். பின்னாடி வந்தது எங்கள் ஆள் இல்லை, அவன். நாலாவது தடவை பந்தைப் பிடுங்கிக்கொண்டு போகும்போது, என் காதுக்கு எட்டும் அளவுக்கு மட்டும், மிக மரியாதையாகச் சொன்னான்:

"என்னவே, வலதுன்னு சொல்லிட்டு வலதுலயே குடுக்கீரு. நாணயமான ஆளுவே நீரு."

எனக்கு மைதானம் ஒரு சுற்றுச் சுற்றியது. திருநெல்வேலித் தமிழ். அப்படியே தாமிரபரணித் தண்ணியில் நனைத்து எடுத்த தமிழ். எங்கள் மந்திரங்கள் எல்லாவற்றுக்கும் அர்த்தம் தெரிந்தவன்.

பாதி ஆட்டம் முடிந்தபோது அவர்கள் இருபத்திரண்டு, நாங்கள் ஒன்பது. தண்ணீர் குடிக்க உட்கார்ந்தோம். நான் மூச்சு வாங்கியபடி, "அவாளுக்குத் தமிழ் தெரியும்டா!" என்று ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டேன். மற்ற இரண்டு தமிழர்களும் அதிர்ந்துபோனார்கள். பேக்கிங் மராட்டியர் எலுமிச்சம்பழத்தைச் சப்பிக்கொண்டே, ஹிந்தியில், "தாராவியில் பாதிப் பேர் மதராசிதானே? இதுகூடவா உங்களுக்குத் தெரியாது?" என்றார். அவர் அந்தப் பக்கத்தில்தான் குடியிருந்தார். "ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீங்கள் எல்லாம் படித்தவர்கள். ஏதோ திட்டம் வைத்திருப்பீர்கள் என்று நினைத்தேன்" என்றார்.

சற்றுத் தள்ளி நாற்காலியில் செக்ரட்டரி. கிட்டவே வரவில்லை. நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தார். நிறைய எழுதினார்.

இரண்டாம் பாதியில் முதலில் ஹிந்தியில் சொல்லிப் பார்த்தேன். என் ஹிந்தியைக் கேட்டு அவர்கள் ஐந்து பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்ளாவது ஒரு கூடை போட்டிருக்கலாம், நாங்களும் சேர்ந்து சிரித்துவிட்டோம். இங்கிலீஷில் சொன்னேன். பேக்கிங் மராட்டியர் கடைசிவரை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பேசாமல் ஆடிப் பார்த்தேன். எங்கள் நான்கு பேரும் நான்கு திசையில் நின்று, நான் ஏதாவது சொல்ல மாட்டேனா என்று காத்திருந்தார்கள். உத்தரவில்லாமல் ஆடி அவர்களுக்குப் பழக்கமில்லை. வலது என்று சொல்லிவிட்டு இடது பக்கம் எறியலாம் என்று ஒரு மேதாவித்தனம் தோன்றியது. எறிந்தேன். எங்கள் ஆள் சொன்ன சொல் தவறாமல் வலது பக்கம் ஓடினான். பந்து இடது பக்கம் போய் லெமன் சோடா விற்கிறவரின் வண்டியில் மோதியது.

அப்போதுதான் பயத்தின் மூன்றாவது கட்டம் வந்தது. நாக்கு அவிழ்ந்துகொண்டது. பந்தைத் தட்டிக்கொண்டே, என் எதிரில் கால்களை அகட்டி நின்ற அந்தக் குட்டைப் பையனிடம் புலம்ப ஆரம்பித்தேன்.

"இதோ பாருங்கோ, எனக்கு வேலை இன்னும் பெர்மனென்ட் ஆகலை. பதினோரு நாள்... இல்லை, எட்டு நாள்தான் இருக்கு. அதோ மீசை வெச்சுண்டு ஒருத்தர் எழுதிண்டிருக்கார் பாருங்கோ, அவர்தான் எழுதணும். ஒரே ஒரு தடவை விட்டுடுங்கோளேன்!"

"அதெப்படிவே விட முடியும்? எங்க பட்டறை மொதலாளி அந்தப் பக்கம் ஒக்காந்திருக்காரு. சோலியை நிப்பாட்டிட்டுப் பாக்க வந்திருக்காரு" என்றான் அவன். பேசிக்கொண்டே பந்தைத் தட்டிப் பறித்தான். இரண்டு பாயின்ட்.

அடுத்த தடவை மறுபடியும் அவனிடமே போனேன். வேறு யாரிடம் போவது? "நான் ரன்னிங் கார்டே இல்லை. நிக்கறவன். அம்மை போட்டதால என்னைத் தள்ளிவிட்டுட்டா!"

"அது தெரியுது."

"ஆத்துல அம்மா மாசாமாசம் கேக்கறா!"

"சத்தமாச் சொல்லும்வே."

"என்ன?"

"பொலம்புறதைச் சத்தமாப் பொலம்பும். உம்ம மீசைக்காரரைப் பாரும். நீரு ஏதோ பெரிய ஆட்டம் சொல்லிக் குடுக்கீருன்னு வாயைப் பொளந்துட்டுப் பாக்காரு. அவருக்குத் தமிழ் தெரியுமாவே?"

நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். செக்ரட்டரி நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். பேனா காற்றில் நின்றிருந்தது.

அன்றைக்கு மீதி இருந்த நேரம் முழுவதும் நான் கத்தினேன். அடிவயிற்றிலிருந்து கத்தினேன். கையை நீட்டி, விரலைக் காட்டி, மைதானத்தின் நாலு மூலையையும் பார்த்துக் கத்தினேன். "வாடகை கொடுக்கணும்! அப்பா ரிட்டயர் ஆயிட்டார்! அண்ணா கல்கத்தாவிலேர்ந்து ஒரு பைசா அனுப்பறதில்லே!" என்று என் குடும்ப நிலவரத்தைப் பகுதி பகுதியாக மாட்டுங்கா வானத்துக்கு அறிவித்தேன். எங்கள் டீமின் தமிழர்கள் இருவரும் முதலில் திகைத்தார்கள். பிறகு அவர்களில் ஒருவன் பந்தை எனக்குத் திருப்பி எறியும்போது, "எங்காத்துலயும் அதே கதைதான்!" என்று பதிலுக்குக் கத்தினான். அடுத்த ஐந்து நிமிடத்தில் எங்கள் ஆட்டம் விநோதமாகத் தேறியது. வலது இடது என்று யாரும் சொல்லாததால் தாராவிக்காரர்களுக்கும் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. வந்த பந்தை அவரவர் கண்ணுக்குப் பட்டவர்களுக்குக் கொடுத்தோம். வரிசையாக நாலு கூடை விழுந்தது. கூடை விழுந்த அதிர்ச்சியில் நான் கத்துவதை ஒரு கணம் நிறுத்தினேன். "நிப்பாட்டாதேயும்! பாக்காரு!" என்றான் அந்தப் பையன்.

பார்வையாளர்களில் தமிழ் தெரிந்தவர்கள் ஐம்பது பேராவது இருந்திருப்பார்கள். அவர்கள் தரையில் உருளாத குறை. ஓரமாக நின்ற பெரியவர் ஒருவர், "தம்பி, அண்ணன் அட்ரஸைச் சொல்லு, நான் லெட்டர் போட்டுக் கேக்கேன்" என்று குரல் கொடுத்தார்.

ஆட்டம் முடிந்தபோது அவர்கள் நாற்பத்தொன்று, நாங்கள் இருபத்தைந்து. கை குலுக்கும்போது அந்தப் பையன் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சிரித்தான். ஆட்டத்தில் என்னிடம் பேசிய நேரம் போக மற்ற நேரத்தில் அவன் வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் ஆட்கள் அவன் கண்ணைப் பார்த்தே நகர்ந்தார்கள்.

தோற்ற டீம் திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போவது போன்ற நடை உலகத்தில் வேறில்லை. எட்டு நாளை நான் எப்படிக் கழித்தேன் என்பதை விவரித்தால் வைத்தியக் குறிப்புபோல ஆகிவிடும். கடைசி நாள் மாலை, எதிர்காலம் சிறக்க வாழ்த்தும் கடிதத்தை வாங்கிக்கொள்ளத் தலைசீவி, முகம் கழுவிக்கொண்டு காத்திருந்தேன். பியூன் வந்து, செக்ரட்டரி கூப்பிடுகிறார் என்றார்.

மேஜையில் என் பெயர் போட்ட உறை இருந்தது. செக்ரட்டரி அதைத் தராமல் முதலில் மானேஜருக்கு எழுதிய நோட்டின் நகலை எடுத்து இங்கிலீஷில் உரக்க வாசித்தார். அதன் சாரம் இது: இவர் மைதானத்தை ஆள்கிறார். டீம் தோற்றுக்கொண்டிருந்தபோதும் ஒரு நிமிடம்கூடச் சோராமல் தன் ஆட்களுக்கு வழி சொல்லிக்கொண்டே இருந்தார். இவருடைய வழிகாட்டுதலால் இரண்டாம் பாதியில் டீம் மீண்டும் எழுந்தது. இப்படிப்பட்ட ரன்னிங் கார்டைக் கம்பெனி இழக்கக் கூடாது.

உறையில் பெர்மனென்ட் ஆர்டர் இருந்தது. ஆர்டரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தேன். அவர் அதை உணர்ச்சிவசம் என்று எடுத்துக்கொண்டார். அன்றிரவு அம்மா எதுவும் கேட்காமலே என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பருப்பைக் கூடுதலாகப் போட்டாள்.

அடுத்த ஞாயிறு அரைக் கிலோ பேடா வாங்கிக்கொண்டு தாராவிக்குப் போனேன். விசாரித்துப் பட்டறையைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. நான் வழி கேட்ட எல்லாரும் தமிழிலேயே சொன்னார்கள். அவன் ஒரு பெட்டிக்குத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"ஆயிட்டா?"

"ஆயிடுத்து."

"பொலம்புனது வீண்போகல" என்று சிரித்துவிட்டு ஒரு பேடாவை எடுத்து இரண்டாகப் பிட்டு, பாதியைப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்தான். பிறகு சற்றுத் தயங்கி, தோலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "உங்க கம்பெனியில இன்னும் ஆள் எடுப்பாங்களாவே? நான் எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன். எந்தச் சோலியா இருந்தாலும் சரிதான். பேக்கிங்னாலும் போதும்."

"கேக்கறேன்" என்றேன். கேட்கவும் செய்தேன். என்னைப் பற்றி நானே நல்லதாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே இடம் இதுதான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: மறுநாளே கேட்டேன். அன்றைக்கு நம்மைத் தோற்கடித்தானே அந்தத் தாராவி ரன்னிங் கார்டு, அவனை டீமுக்கு எடுத்துக்கொள்ளலாமே ஸார் என்றேன்.

செக்ரட்டரி யோசித்தார். மீசையை நீவினார். நோட்டைத் திறந்து அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் தேடினார்.

"வோ சோட்டாவாலா?" என்றார். "அந்தக் குட்டையனா ரன்னிங் கார்டு? அவன் வாயே திறக்கவில்லையே. லீடர்ஷிப் இல்லை." நோட்டை மூடினார்.

அவரிடம் அப்போது எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். நான் கத்தியது என்ன, எதற்குக் கத்தினேன், யார் கத்தச் சொன்னது என்று. ஆர்டர் என் பெட்டியில் பத்திரமாக இருந்தது. பெர்மனென்ட் ஆளை யாரும் சுலபத்தில் அனுப்பிவிட முடியாது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இரண்டாம் பாதி முழுவதும் ஓயாமல் வேலை செய்த அதே நாக்கு.

"தாங்க்யூ ஸார்" என்று வந்தது.

கதவருகில் போனதும் செக்ரட்டரி பின்னாலிருந்து கூப்பிட்டார். நாளையிலிருந்து காலை ஆறு மணிக்குப் பிராக்டிஸ். ரன்னிங் கார்டுக்கு அம்மை சரியானாலும் இனி அவன் ஸ்டாண்டிங்கில் நிற்கட்டும், ரன்னிங் நான்தான் என்றார். ஏழு வருஷம் ஓடினேன். தாராவிப் பக்கம் மறுபடி போகவில்லை.